இருபது கேள்விக்கும் சைபர்

பட்டாபிராம்
9.6.2024

அன்பு மருமகள் ராதிகாவுக்கு, சின்ன மாமனார் உலகநாதன் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சின்ன அத்தை கன்னியம்மாவும் உன் வீட்டுக்காரன் அருளும் ஒரு குறைவும் இல்லாமல் இருக்கிறோம். ஆரணியில் நீயும் பேத்தி ரோஷினியும் உன் அக்கா வீட்டாரும் எப்படி? குழந்தைக்குச் சளி பிடித்திருந்ததே, விட்டதா?

நீ போன் நம்பரை மாற்றிவிட்டாய். உன் அக்காவைக் கேட்டால் விலாசம்தான் கொடுத்தாள். அதனாலென்ன, எட்டாவதோடு நிறுத்தினவன் என்றாலும் என் கையெழுத்தைப் பார்த்து அம்பத்தூர் எஸ்டேட்டில் மேனேஜரே அசந்து போயிருக்கிறார். கேட்டில் நுழைகிற லாரி நம்பரை நான் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும் என்பார். வாட்ச்மேன் வேலை என்பது பேருக்குத்தான். அந்தக் கம்பெனியை நடத்தியதே நான்தான் என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அருளைப் பற்றி நீ கவலைப்படவே வேண்டாம். சிங்கம் மாதிரி இருக்கிறான். புதுக் கால் வந்துவிட்டது. போட்டுக்கொண்டு நடந்தால் எது பிறந்த கால், எது செய்த கால் என்று எனக்கே குழப்பம். தினமும் ஸ்டேஷன் வரைக்கும் போய்வருகிறான் என்றே வைத்துக்கொள். இப்போதைக்கு வாசற்படி வரைக்கும். சாப்பாடு ஒரு வெட்டு வெட்டுகிறான். தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான்; அது பட்டாளத்து ஒழுக்கம், நமக்குப் புரியாது. ஜன்னலையெல்லாம் அட்டை வைத்து அடைத்துவிட்டான். உள்ளே என்ன குளிர்ச்சி தெரியுமா, ஏசி பிச்சை வாங்க வேண்டும்.

மலை உச்சியில் தனியாளாக ஆறு எதிரிகளைச் சாய்த்துவிட்டுக் காலைக் கொடுத்த கதையை டீக்கடையில் சொன்னேன். கடைக்காரன் கோவிந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். போன மாதம் மூன்று பேர் என்றுதான் சொன்னேனாம், அதையும் அவனே ஞாபகப்படுத்தினான். அருள் அங்கே கணக்கெழுதவா போனான்?

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி மார்ச் மாதம் போனவள் நீ. இன்னுமா தேவலை ஆகவில்லை? அண்ணனும் அண்ணியும் இல்லாத வீட்டில் பெரியவன் என்று நான்தான் இருக்கிறேன். நான் சொல்கிறேன், கிளம்பி வா. தபால்காரன் நல்ல சேதி கொண்டுவருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,

உன் சின்ன மாமா உலகநாதன்


ஆரணி
22.6.2024

மதிப்பிற்குரிய சின்ன மாமாவுக்கு ராதிகாவின் வணக்கம். உங்கள் முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது? அத்தைக்குச் சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுங்கள், மறந்துவிடுகிறீர்கள். ரோஷினிக்குச் சளி விட்டது. அம்மா எழுந்து நடமாடுகிறார்.

சிங்கம் இருக்கட்டும் மாமா. நான் கேட்பதற்கு மட்டும் எழுதுங்கள். படுத்துத் தூங்குகிறாரா, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருக்கிறாரா? குக்கர் விசில் அடித்தால் என்ன செய்கிறார்? யாராவது அஜித்குமார் பேரை எடுத்தார்களா? எடுக்க வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லுங்கள்.

ஆறு எதிரி என்று சொல்லாதீர்கள். அங்கே சண்டையே நடக்கவில்லை. இவரும் கூட வேலை பார்த்த அஜித்குமாரும் ரோந்து போனார்கள். இவர் முன்னால் போனார். "என் கால் பட்ட எடத்துலயே கால வச்சு வா" என்று இவர்தான் அஜித்குமாரிடம் சொன்னார். கண்ணிவெடி. இவருக்குக் கால் போயிற்று, அந்தப் பையன் உயிர் போயிற்று. கால் போன கதையை நீங்கள் வீட்டில் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவர் அறைக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். இப்போது வர முடியாது. அதற்கு மேல் கேட்க வேண்டாம். போன் என்றால் நீங்கள் அவர் கையில் கொடுத்துவிடுவீர்கள், அவர் குரலைக் கேட்டால் நான் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராதிகா


பட்டாபிராம்
18.8.2024

அன்பு மருமகளுக்கு மாமாவின் ஆசீர்வாதம். முட்டி வலி பறந்துவிட்டது, இப்போது மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுகிறேன். குழந்தை பள்ளிக்கூடம் போகிறாளா? அக்கா, மச்சான் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

பதில் எழுதத் தாமதம் ஆனதற்குக் காரணம் ஒரு பெரிய வேலை. குக்கரைப் பற்றிக் கேட்டாயே, அதை உன் அத்தை பரணில் போட்டுவிட்டாள். பானையில் வடித்த சோறுதான் ருசி. இனி பெரிய வேலைக்கு வருகிறேன்.

சுதந்திர தினத்தன்று நம் குடியிருப்போர் சங்கத்தில் அருளுக்குப் பாராட்டு விழா. யோசனை முழுக்க என்னுடையது. சங்கத் தலைவர் ஜம்புலிங்கம் முதலில் தயங்கினார், நான் பேசின பேச்சில் அவரே பேனருக்குச் சொல்லிவிட்டார். "பட்டாபிராம் பெற்ற புலி" என்று பத்தடிக்கு அருள் படம், மூலையில் சின்னதாக என் படம். அருள் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "வாணாம் சித்தப்பா. என்ன வுட்டுடு" என்றான். உங்கப்பன் இருந்தால் இப்படிச் சொல்வாயா என்று ஒரு வார்த்தைதான் கேட்டேன். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான்.

மேடையில் தலைவர் சால்வையைப் பிரித்தார். அதே சமயத்துக்கு நான் ஏற்பாடு செய்திருந்த பத்தாயிரம் வாலா வெடித்தது. அப்போது நம் ஆள் என்ன செய்தான் தெரியுமா? ஒரே பாய்ச்சலில் தலைவரைத் தரையில் தள்ளி அவர் மேல் விழுந்து மூடிக்கொண்டான். ஆபத்து வந்தால் எப்படிக் காப்பாற்றுவது என்று செய்து காட்டினான். ஜனம் கை தட்டியது பார். "அசையாத அஜித்து, அசையாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வெடிச் சத்தம் நின்ற பிறகும் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பேரை எடுக்க வேண்டாம் என்றாயே, நாங்கள் யாரும் எடுக்கவில்லை, அவனேதான். கை தட்டியவர்கள் கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டியதாகிவிட்டது, என்ன பலம்! தலைவருக்கு மூக்குக் கண்ணாடி போச்சு.

மேடையில் யாரோ தண்ணீர் கொட்டியிருந்தார்கள் போல, அருளின் பேன்ட் நனைந்துவிட்டது. சால்வையை அவன் இடுப்பில் சுற்றி நானே கூட்டிக்கொண்டு வந்தேன். பட்டுச் சால்வை. மொத்தத்தில் விழா பிரமாதம். போட்டோவில் எல்லாரும் குனிந்திருக்கிறார்கள், அதனால் அனுப்பவில்லை.

பேத்திக்கு என் முத்தம்.

உலகநாதன்


ஆரணி
27.8.2024

சின்ன மாமாவுக்கு வணக்கம். அத்தை சுகமா? இங்கே நாங்கள் இருக்கிறோம்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் மருந்துக்கடை வேலைக்குப் போகவில்லை. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மரியாதை இல்லாமல் ஏதாவது எழுதிவிடுவேன், விடுங்கள்.

ஒரு விஷயம். அவருக்கு மனசில் காயம் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லி ராணுவ ஆஸ்பத்திரிக்கு நான் எழுதிப் போட்டிருந்தேன். செப்டம்பர் பத்தாம் தேதி வரச் சொல்லி இருக்கிறார்கள். மேஜர் கிருஷ்ணப்பிரியா என்ற டாக்டர். கூட வசிப்பவர் ஒருவர் வந்து பார்த்ததைச் சொல்ல வேண்டுமாம். நான் இவர் எதிரில் உட்கார்ந்து சொல்லக்கூடிய நிலையில் இல்லை. நீங்கள்தான் போக வேண்டும்.

உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஜன்னலில் அட்டை இருப்பதைச் சொல்லுங்கள். மேடையில் நடந்ததைச் சொல்லுங்கள், பேன்ட் எதனால் நனைந்தது என்பதையும் சேர்த்து. கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இந்த டாக்டர் ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டால் வைத்தியம் தொடங்காது. வைத்தியம் தொடங்காத வரைக்கும் நான் ரோஷினியைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குள் காலை வைக்க மாட்டேன். இவ்வளவுதான் என்னால் எழுத முடியும்.

ராதிகா


பட்டாபிராம்
14.9.2024

வெற்றி, வெற்றி. மருமகளுக்கு ஆசீர்வாதம். அத்தைக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது. நீயும் குழந்தையும் மூட்டை கட்டத் தொடங்கலாம், ஏனென்று கேள்.

ஆட்டோ வைத்துக் கூட்டிப் போனேன். டாக்டர் சின்ன வயசுப் பெண். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், அல்லது நாற்காலியை நகர்த்தினாள், ஏதோ ஒன்று. முதலில் ஒரு தாள் கொடுத்து வெளியே உட்கார்ந்து எழுதச் சொன்னார்கள். இருபது கேள்வி. கெட்ட கனவு வருகிறதா, சின்னச் சத்தத்துக்குத் தூக்கிப் போடுகிறதா, உன் மேலேயே பழி போட்டுக்கொள்கிறாயா, இப்படி. ஒவ்வொன்றுக்கும் சைபரில் இருந்து நாலு வரைக்கும் நம்பர் போட வேண்டும். இல்லவே இல்லை என்றால் சைபர், ரொம்ப ரொம்ப இருக்கிறது என்றால் நாலு.

பட்டாளத்து மெடிக்கல் எனக்குப் புதுசா? நம் தெருவிலிருந்து செலக்‌ஷனுக்குப் போன பையன்கள் அத்தனை பேருக்கும் பாடம் சொன்னவன் நான். பட்டாளத்து டாக்டர் எது கேட்டாலும் நமக்கு ஒன்றும் இல்லை என்பதுதான் பதில். பல் வலி என்று உண்மையைச் சொன்ன ஒரு பையனை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். அருள் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தாளையே பார்த்தான்.

"சித்தப்பா, உள்ளத எழுதட்டா?" என்றான்.

"உள்ளத எழுதுனா பயந்தாங்கொள்ளினு முத்திர குத்திடுவான் நைனா. நம்ம ஊட்டுப் பேரு இன்னாவுறது? எல்லாத்துக்கும் சைபர் போடு" என்றேன்.

போட்டான். பேனாவை அழுத்தின அழுத்தில் தாள் ஓரிரண்டு இடத்தில் கிழிந்தது, அது தாளின் குற்றம்.

உள்ளே கேள்வி கேட்டது அவனை, பதில் சொன்னது நான். பெரியவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சின்னவன் பேசினால் நன்றாகவா இருக்கும்? தூக்கம் எப்படி என்றாள், கல் மாதிரி என்றேன். அவரே சொல்லட்டுமே என்றாள். அருள் தலையைக் குனிந்துகொண்டு, "சித்தப்பா சொல்றதுதான் மேடம்" என்றான். வளர்ப்பு. கால் போன கதையைக் கேட்டாள். ஆறு பேரையும் ஒவ்வொருவராகச் சொன்னேன், கடைசி ஆள் தாடி வைத்திருந்தது உட்பட. அவள் பைலைத் திறந்து பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "அப்படியா நடந்தது, அருள்?" என்றாள். "ஆமா மேடம்" என்றான்.

மேடையில் நடந்ததை மறக்கவில்லை, தலைவரைக் காப்பாற்றிய வீரத்தைச் சொன்னேன். மற்ற விவரம் பெண்பிள்ளை முன்னால் எதற்கு?

ஆக, இருபது கேள்விக்கும் சைபர். இந்த ஜில்லாவில் இன்னொருத்தன் வாங்கியிருக்க மாட்டான். எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று எழுது, பூந்தமல்லிக்கே வந்து கூட்டிக்கொள்கிறேன்.

உலகநாதன்


ஆரணி
20.9.2024

சின்ன மாமா,

சைபர் என்றால் பாஸ் இல்லை. சைபர் என்றால் அவருக்கு ஒன்றுமே இல்லை, வைத்தியம் தேவையில்லை என்று அர்த்தம். இது ஆள் எடுக்கும் இடம் இல்லை. உடைந்து திரும்பி வந்தவரை எங்கே உடைந்திருக்கிறது என்று பார்க்கும் இடம்.

டாக்டர் என்னிடம் போனில் பேசினார். ஒரு காலை இழந்தவர் எல்லாவற்றுக்கும் சைபர் போட்டிருப்பதை நம்ப முடியவில்லை என்றார். சண்டை நடந்ததாக நீங்கள் சொன்னதும் ராணுவத்தின் பைலில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்றார். அக்டோபர் எட்டாம் தேதி இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்கிறார். அவராகப் பெரிய மனது பண்ணிக் கொடுத்தது. இந்தத் தடவை இவரையே பேச விடுங்கள். நீங்கள் பேசாதீர்கள்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ராதிகா


பட்டாபிராம்
12.10.2024

மருமகளுக்கு ஆசீர்வாதம். வீட்டில் எல்லாரும் ஏதோ இருக்கிறோம். ஆரணியில் மழை எப்படி?

உன் கடிதம் வந்ததும் என் தப்பு எங்கே என்று புரிந்துவிட்டது. இங்கே மார்க் குறையக் கூடாது, ஏற வேண்டும். அதை முதலிலேயே தெளிவாக எழுதியிருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை. கோவிந்தனும் அதையே சொன்னான். அவன் சகலைக்குத் தெரிந்த ஒருத்தர் நோயைக் கூட்டிச் சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் பெட் வாங்கினாராம். ஆகவே இந்தத் தடவை எல்லாவற்றுக்கும் நாலு போடச் சொன்னேன். அருள் என் முகத்தைப் பார்த்தான். போட்டான்.

உள்ளே நான் பேசக் கூடாது என்று இருந்தேன், சத்தியமாக. அருளே ஆரம்பித்தான். "மேடம், இல்லாத கால் வலிக்குது. அந்தப் பையன் என் பின்னாடியே வந்துகினு இருந்தான். நான்தான் அவனாண்ட..." என்று நிறுத்தினான். அந்த டாக்டர் அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை அம்மா. அவன் கன்னம் துடிக்கிறது, வாய் வரவில்லை, நான் எப்படிச் சும்மா இருப்பேன்? கை கொடுக்கலாம் என்று தொடங்கினேன். அமாவாசைக்கு ஊளையிடுகிறான் என்றேன். மண்ணைத் தின்கிறான் என்றேன். செத்துப்போன பையனோடு இந்தியில் பேசுகிறான், தபால்காரனைக் கடித்துவிட்டான், ஏழு நாளாகக் கண் மூடவில்லை என்றேன். அருள் வாயை மூடிக்கொண்டான். அதன் பிறகு திறக்கவில்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "ஐயா, போன மாசம் எல்லாம் சைபர். இந்த மாசம் எல்லாம் நாலு. இதை மேலே அனுப்பினால் இவர் நடிக்கிறார் என்று எழுதிக் கதவைச் சாத்திவிடுவார்கள்" என்றாள். இந்தத் தாளை இப்போதைக்கு அனுப்பவில்லையாம், கூடவே வாழ்ந்தவர் யாராவது நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தால் பார்க்கலாமாம். சின்ன வயசு, அனுபவம் போதாது.

ஆட்டோ ஆவடியைத் தாண்டியது. அருள் ஒன்றுதான் சொன்னான். "நா சொல்ல வந்தேன் சித்தப்பா. நீ சொல்ட்ட."

அது பாராட்டா குறையா என்று எனக்கு விளங்கவில்லை. குழந்தையை விசாரித்ததாகச் சொல்.

உலகநாதன்


பட்டாபிராம்
4.11.2024

மருமகளுக்கு ஆசீர்வாதம். போன கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. நீயும் குழந்தையும் தீபாவளிக்குப் புதுசு உடுத்தினீர்களா? அத்தைதான் கேட்கச் சொன்னாள்.

தீபாவளி காலையில் நம் தெருவில் வெடி ஆரம்பித்ததும் அருள் வீட்டில் இல்லை. உடற்பயிற்சிக்காக நடக்கப் போயிருப்பான் என்று எல்லாரிடமும் சொன்னேன். மத்தியானம் வரைக்கும் அதையே சொன்னேன். பிறகு பட்டாளத்துச் சரக்கு ரயில் நிற்கிற மிலிட்டரி சைடிங்கில் இருந்து ஆள் வந்தது. காவலுக்கு நின்ற ஜவான் இவனைப் பார்த்ததும் விறைத்து சல்யூட் அடித்தானாம்.

அப்படி இல்லை. ஜவான் கத்தினானாம். அங்கே நிற்கிற காலி வேகன் ஒன்றுக்குள் ஏறிப் படுத்திருந்தான். செய்த காலைக் கழற்றிக் கையில் கட்டிப் பிடித்திருந்தான். வெட்டுப்பட்ட இடத்தில் தோல் உரிந்து ரத்தம். எப்படி அவ்வளவு தூரம் வந்தான், எப்படி ஏறினான் என்று யாருக்கும் தெரியவில்லை. தண்டவாளத்தைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும், என்ஜின் போய் வருகிற வழி என்று ஜவான் சொன்னான். நான் போய்க் கூப்பிட்டேன்.

"இங்க சத்தம் கம்மியா கீது சித்தப்பா. கதவ மூடிட்டு போ" என்றான்.

ராதிகா, இதை டீக்கடையில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பக்கம் போகாமல் இருக்கிறேன்.

உலகநாதன்


ஆரணி
11.11.2024

மேஜர் டாக்டர் கிருஷ்ணப்பிரியா அவர்களுக்கு வணக்கம். நான் அருளின் மனைவி ராதிகா. கூட வாழ்ந்தவர் எழுத வேண்டும் என்று நீங்கள் சொன்னதாக அறிந்தேன். இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இதைப் படித்தால் உங்களுக்கே தெரியும்.

அவர் மண் தின்னவில்லை. யாரையும் கடிக்கவில்லை. ஜன்னலை அடைக்கிறார். கதவைப் பார்த்த மாதிரிதான் உட்காருவார். குக்கர், வெடி, பைக் சைலன்சர், எது கேட்டாலும் தரையில் படுத்துவிடுவார், பிறகு வெட்கத்தில் நாள் முழுக்கப் பேச மாட்டார். குழந்தை வாசலில் தன் கால் சுவட்டின் மேல் நடந்து விளையாடினால் கூட எழுந்து போய்விடுவார்.

மார்ச் மாதம் ஒரு மத்தியானம், வீட்டில் பெரியவர்கள் இல்லாதபோது, சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். குழந்தை பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். தெருவில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. நான் பயந்து கத்தினேன். அவர் எழுந்து என்னைக் கீழே சாய்த்து ஒரு கையால் என் வாயையும் ஒரு கையால் கழுத்தையும் அழுத்திக்கொண்டார். "கத்தாத அஜித்து, ஆளு வருது, கத்தாத" என்றார். கண் திறந்திருந்தது, ஆனால் நான் அதில் இல்லை. எனக்கு மூச்சு நின்றது. கேஸ் சிலிண்டர் போடுகிறவர் கதவைத் தட்டினார். கை தளர்ந்தது. திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார்.

சாயந்திரம் எழுந்து, இந்த வெயிலில் ஏன் கழுத்தைச் சுற்றித் துப்பட்டா என்று கேட்டார். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். நடந்தது அவருக்குத் தெரியாது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி மறுநாளே குழந்தையோடு கிளம்பிவிட்டேன். குரல் சரியாக ஒரு மாதம் ஆனது. அன்றைக்குக் கை என் பக்கம் நீண்டது. குழந்தை அவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒருத்தனைத் தன் காலடியில் நடக்கச் சொல்லிச் சாகவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவரிடம், நீ என்னையும் கொல்லப் பார்த்தாய் என்று நான் எப்படிச் சொல்வது? சொன்னால் செத்துப்போவார் என்று பயந்தேன். சொல்லாவிட்டாலும் அதுதான் நடக்கும் என்று, தீபாவளியன்று வெடிச் சத்தத்துக்கு அவர் தண்டவாளத்தைத் தாண்டிப் போய் வேகனுக்குள் படுத்ததைக் கேட்டபோது தெரிந்தது.

இதை அவரிடம் எப்போது சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நான் பக்கத்தில் இல்லாதபோது மட்டும் சொல்லிவிட வேண்டாம்.

எங்கள் சின்ன மாமா கெட்டவர் இல்லை. வீட்டில் இருக்கிற ஒரு குறையை வெளியே சொல்லத் தெரியாதவர். அவரை அறைக்குள் விடாதீர்கள்.

இப்படிக்கு,
ராதிகா அருள்


ஆரணி
15.11.2024

சின்ன மாமாவுக்கு வணக்கம். கால் வலியோடு சைடிங் வரைக்கும் போய்க் கூட்டி வந்தீர்கள் என்று அத்தை அக்காவிடம் சொன்னாராம். உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டருக்கு எழுதிவிட்டேன். இருபதாம் தேதி கூப்பிட்டிருக்கிறார். கூட்டிக்கொண்டு போய் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். இவர் மட்டும் உள்ளே போகட்டும். என்ன எழுதினேன் என்று உங்களிடம் சொல்ல முடியாது. கோபத்தில் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ராதிகா


பட்டாபிராம்
9.12.2024

ராதிகாவுக்கு மாமா எழுதுவது. நீயும் குழந்தையும் சௌக்கியமா? அத்தை பரவாயில்லை. எனக்கு முட்டி வலிதான், ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது.

இருபதாம் தேதி நீ சொன்ன மாதிரி பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. கதவு தடிமன். ரொம்ப நேரம் ஆனது. ஒரு தடவை அவன் அழுகிற சத்தம் மாதிரி கேட்டது, எழுந்து கைப்பிடி வரைக்கும் கையைக் கொண்டுபோய்விட்டேன். வார்டு பையன் பார்த்தான். திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டேன். வெளியே வந்த டாக்டர், நோய் இருக்கிறது, நிறைய இருக்கிறது, இன்றைக்கே சேர்த்துக்கொள்கிறேன் என்றாள். இருபது கேள்விக்கும் என்ன நம்பர் போட்டான் என்று நான் கேட்கவில்லை.

அதிலிருந்து வார்டில்தான் இருக்கிறான். மெலிந்துவிட்டான். மாத்திரையில் தூங்குகிறான், பாதியில் எழுந்துகொள்கிறான் என்று நர்ஸ் சொல்கிறாள். டம்ளரை நான்தான் பிடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. தேறுவானா என்று கேட்டேன், நாளாகும் என்கிறார்கள்.

கோவிந்தன் கடையில் பையன் எங்கே, என்ன வியாதி என்று நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்றேன். மேலே என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார்கள். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். சாத்துக்குடி உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டான்.

"சித்தப்பா, ராதிகா டாக்டராண்ட இன்னா எழுதிக் குட்த்தா? நா அவள எதனா பண்ட்டேனா?"

எனக்கு நாலைந்து பதில் வாய் வரைக்கும் வந்து நின்றது. உன்னைப் பற்றிப் பெருமையாக எழுதியிருக்கிறாள் என்று ஒன்று. குழந்தை உன்னைக் கேட்டு ஏங்குகிறாள் என்று ஒன்று. எதைச் சொல்லியிருந்தாலும் அவன் தலையாட்டியிருப்பான். என் பேச்சை அவன் தட்டியதே இல்லை.

"நா உள்ள இல்லடா. எனக்குத் தெரியாது" என்றேன்.

"உனுக்குத் தெரியாதது கூட கீதா?" என்று சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. தன் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் சாத்துக்குடித் தோலைப் பொறுக்கி எடுத்தேன். பிறகு சொன்னான்.

"அவளையே வரச் சொல்லு. ரோஷினிய இட்டுகினு வர வாணாம். அவ மட்டும் வரட்டும். கதவாண்ட நாற்காலி போட்டு, தூரமா குந்திகினு சொல்லட்டும். நா எழுந்துக்க மாட்டேன்னு சொல்லு."

எழுதுகிறேன் என்றேன். அவன் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு உள்ளே விடுகிறார்கள். நான் வெளியே பெஞ்சில் இருப்பேன்.

உலகநாதன்